இளமை உணவும் பின்னாள் உளநலமும்

பசிக்குப் பிணி என்று பெயரிட்டது தமிழ். காரைக்காலினின்றும் கடற்கரை வழியே வடக்கு நோக்கித் தரங்கம்பாடியைக் கடந்து சென்றால் காவிரிப்பூம்பட்டினம் வரும். அவ்வூரிலே அமுதசுரபி ஏந்தி நின்ற மணிமேகலையின் வரலாற்றைப் பாடிய சாத்தனார், பசியானது இன்னின்னவற்றை அழிக்கும் என்று பாத்திரம் பெற்ற காதையில் அடுக்கிக் கூறுகின்றார். குடிப்பிறப்பு, மேன்மை, கல்வி, நாண், அழகு என்று அவ்வடுக்குச் செல்கின்றது. இவற்றுள் உடலைப் பற்றியது அழகு ஒன்றே. ஏனையவெல்லாம் உள்ளத்தையும் ஒழுக்கத்தையும் சார்ந்தன. வயிற்றின் குறை மனத்தில் வெளிப்படும் என்பது நம் முன்னோர் அறியாததன்று.

ஆயினும் சாத்தனார் பேசியது பசித்திருக்கும் வேளையைப் பற்றி. நாம் ஈண்டு ஆராயப் புகுந்தது அதனின் வேறானதொரு வினா. பதினைந்து வயதில் ஒருவன் உண்டதும் உண்ணாது விட்டதும் அவனது இருபத்தைந்தாம் வயதின் மனத்தைத் தொடுமா? தொடுமாயின் எவ்வளவு தொடும்? தமிழ் பயில்வார்க்கு இவ்வாராய்ச்சி எதற்கு என்று நண்பர் சிலர் நகைத்தனர். அவர்க்கு விடையாக நம் விடுதியில் நடந்ததொன்றைச் சொல்லுதல் வேண்டும்.

காரைக்காலை அடுத்த கடலோரச் சிற்றூரினின்றும் வந்த தோழர் ஒருவர் நம் அறையில் தங்கியிருந்தார். பள்ளியிறுதி இரண்டாண்டும் தனிப்பயிற்சி வகுப்பு விடியற்காலை ஐந்தரை மணிக்கே தொடங்கியதால் அவர் காலை உணவையே மறந்தவர். தேநீர் ஒன்று, பேக்கரியில் வாங்கிய பப்ஸ் ஒன்று, பகலில் ஏதோ சிறிது, இரவில் புரோட்டா. இதுவே அவரது நாள். கல்லூரிக்கு வந்த பின்னரும் அவ்வழக்கம் அவரை விட்டிலது. முதற் பருவத்திலேயே அவர் முகம் வாடிற்று. இரவில் உறக்கமில்லை. பகலில் எழ மனமில்லை. சிறு சொல்லுக்கும் சினந்தார். பின்பு தனியே அமர்ந்து கண் கலங்கினார். படிப்பை நிறுத்திவிட்டு ஊருக்குப் போய்விடுவதாக ஒரு நாள் பெட்டியையும் கட்டிவிட்டார். நாமும் ஏனைய அறைத்தோழரும் அதனைச் சோம்பல் என்றே கருதினோம் என்பதை வெட்கத்துடன் எழுதுகின்றோம். அவர் தாயார் வந்து மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். குருதியைச் சோதித்தபொழுது ஈமோகுளோபின் 9 என்று வந்தது. அவ்வயதினர்க்கு 13க்குக் குறையலாகாது. மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார். மனநல மருத்துவரிடம் பேசுமாறும் சொல்லி அனுப்பினார். சில மாதங்களில் அவர் தேறினார். தேற்றியது மாத்திரையோ, உணவோ, மனம் விட்டுப் பேசியதோ, தாயார் வந்து சென்றதோ, நாம் அறியோம். ஒருவர் கதை சான்றாகாது. ஆனால் அன்று முதல் இவ்வினா நம்மை விட்டு நீங்கவில்லை.

அதன்பின் ஒரு நாள் விடுதி வழிபாட்டில் தானியேலின் முதலதிகாரம் வாசிக்கக் கேட்டோம். பலமுறை கேட்ட பகுதியே. அன்று புதிதாக ஒலித்தது. பாபிலோனிய அரசன் பந்தியின் உயர்ந்த உணவை மறுத்து, பத்து நாள் மரக்கறியும் தண்ணீரும் தந்து தங்களைச் சோதித்துப் பார்க்குமாறு நான்கு இளைஞர் வேண்டுகின்றனர். பத்தாம் நாள் அவர்களையும், அரச உணவை உண்ட ஏனைய வாலிபரையும் நிறுத்தி ஒப்பிட்டுப் பார்க்கிறான் மேற்பார்வையாளன். இரு குழுவாகப் பிரித்து ஒப்பிடும் மருத்துவ ஆராய்ச்சி முறையின் வரலாற்றை எழுதுவோர் பலர் இக்கதையிலிருந்தே தொடங்குவர். சோதிக்கப்பட்டோர் இளைஞர் என்பதும், அவர்கள் மூன்றாண்டு கல்வி பயில வந்தோர் என்பதும் நம் பொருளுக்கு மிக அணியன.

நிற்க. இளமைக்கு மட்டும் இத்துணைச் சிறப்பு ஏன் என்று கேட்கலாம். மனித மூளை ஆறேழு வயதிலேயே பருமனில் ஏறக்குறைய முழுமை அடைந்துவிடுகிறது. ஆயினும் அதன் உள்ளமைப்பு அப்பொழுது முடிந்துவிடுவதில்லை. பத்து வயதிற்குப் பின்னர், பயன்படாத நரம்பிணைப்புகள் கழிக்கப்படுகின்றன. பயன்படும் நரம்பிழைகளின்மேல் கொழுப்பாலாய உறை படிகிறது. நெற்றிக்குப் பின்னுள்ளதும், சினத்தை அடக்குவது, எண்ணித் துணிவது முதலியவற்றிற்கு உரியதுமாகிய பகுதி இருபத்தைந்து வயதளவும் இவ்வாறு திருத்தமுற்று வருகிறது. ஒரு வீட்டிற்குச் சுவர் எழுப்பியபின் உள்வேலை நெடுநாள் நடப்பதை ஒக்கும் இது. உள்வேலைக்கும் பொருள் வேண்டும். இரும்புச்சத்து, துத்தநாகம், ஃபோலிக் அமிலம், பி 12 என்னும் உயிர்ச்சத்து, மீனில் மிகுந்துள்ள ஒமேகா 3 கொழுப்பு ஆகியன அவற்றுட் சில. அப்பருவத்தே உடலும் ஓங்கி வளர்வதால் இவற்றிற்கு இருமடங்கு போட்டி. மற்றொன்றையும் நினைக்க. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடந்து 2005இல் வெளியான பேராய்வு ஒன்று, வாழ்நாளில் தோன்றும் மனநோய்களிற் பாதி 14 வயதிற்குள்ளும், முக்காற்பங்கு 24 வயதிற்குள்ளும் தொடங்குகின்றன என்று காட்டிற்று. மூளை திருத்தமுறும் பருவமும் மனநோய் தலைகாட்டும் பருவமும் ஒன்றாகவே இருக்கின்றன.

உணவுக் குறை மனத்தையே சிதைத்துவிடும் என்பதற்கு ஐயமற்ற சான்று பெல்லாகிரா என்னும் நோய். மக்காச்சோளத்தையே பெரிதும் உண்டு வாழ்ந்த அமெரிக்கத் தென்மாநில ஏழைகளிடையே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது பெருகிற்று. தோல் வெடிக்கும், வயிறு கழியும், பின்பு உறக்கமின்மை, துயரம், குழப்பம், பித்து. அக்காலத்து மனநோய் விடுதிகளில் அடைபட்டிருந்தோருள் பலர் இந்நோயினரே. இது தொற்றுநோய் என்று பலரும் நம்பியிருக்க, 1914இல் ஆராய வந்த ஜோசப் கோல்ட்பெர்கர் என்பார் உணவையே ஐயுற்றார்.

அவர் கண்ட செய்திகளுள் நம் நெஞ்சைத் தைத்தது மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகர அநாதை விடுதிகளைப் பற்றியது. ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த பிள்ளைகளுள் நோய் பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு வயதினரையே பற்றியிருந்தது. காரணம் என்னை? ஆறு வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்குப் பால் கிடைத்தது, குழந்தைகள் என்பதால். பன்னிரண்டைக் கடந்தோர்க்கு இறைச்சி கிடைத்தது. வேலை செய்பவர்கள் என்பதால். நடுவில் நின்றோர் குழந்தையுமல்லர், உழைப்பாளருமல்லர். அவர்களுக்குப் பாலுமில்லை, இறைச்சியுமில்லை. கொடுமை செய்யும் எண்ணம் விடுதியார்க்கு இருந்ததில்லை. பணம் குறைவு, இருப்பதை வேண்டியவர்க்குக் கொடுத்தனர். இடைப்பட்ட வயதினர் எவர் கணக்கிலும் வரவில்லை, அவ்வளவே. கோல்ட்பெர்கர் அனைவர்க்கும் பால், முட்டை, இறைச்சி, பயறு ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுக்கச் செய்தார். அடுத்த ஆண்டில் நோய் ஏறத்தாழ முற்றும் ஒழிந்தது. குறைந்த பொருள் நயாசின் என்னும் உயிர்ச்சத்து என்பதை 1937இல் எல்வெஜம் கண்டார். அதனைக் கொடுத்தபின், பித்தர் என்று ஒதுக்கப்பட்டோர் சில நாட்களிலேயே தெளிவடைந்தனர். நம் நாட்டிலும் தக்காணத்துச் சோள உணவினரிடையே இந்நோய் இருந்தது. 1960இல் அதன் காரணத்தை ஆராய்ந்து எழுதியோர் கோபாலனும் ஸ்ரீகண்டியாவும் ஆவர்.

அவ்விருவரும் பணியாற்றிய ஐதராபாத்து உணவாராய்ச்சி நிலையம் பிறந்தது நம் நீலகிரிக் குன்னூரில் என்பதைத் தமிழர் பலரும் அறியார். 1918இல் ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் அங்கே ஒரு சிற்றறையில் தொடங்கினார். 1958இல் அது ஐதராபாத்து சென்றது. மக்காரிசன் வளரும் பருவத்து எலிகளைக் குழுக்களாகப் பிரித்து, இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவைக் குழுவிற்கு ஒன்றாக ஊட்டினார். சீக்கியரின் கோதுமை, பால், வெண்ணெய், பருப்பு, பசுங்காய் உணவை உண்ட எலிகள் மிக நன்றாக வளர்ந்தன. சென்னை மாகாணத்து அரிசியுணவை உண்டவை யாவற்றினும் கடைப்பட்டன. (தமிழர் இதனைக் கேட்டு வருந்துவதினும், அவர் ஊட்டியதில் சோறு எவ்வளவு, குழம்பிற் கிடந்த காய் எவ்வளவு என்று எண்ணிப் பார்ப்பது பயனுடைத்து.) நமக்கு வேண்டியது அவரது வேறொரு சோதனை. இங்கிலாந்தின் ஏழை மக்கள் உண்ட வெள்ளை ரொட்டி, மார்கரைன், சர்க்கரையிட்ட தேநீர், தகரத்திலடைத்த இறைச்சி, பழப்பாகு ஆகியவற்றை ஒரு குழுவிற்கு ஊட்டினார். அவ்வெலிகள் வளர்ச்சி குன்றின, அதுமட்டுமோ? பதற்றம் மிகுந்து, உணவிடுவோரைக் கடித்தன. அறுபதாம் நாளளவில் தம்முள் மெலிந்தவற்றைக் கொன்று தின்னத் தலைப்பட்டன. சீக்கிய உணவுண்டவை அமைதியாகக் கூடி வாழ்ந்தன. எலி மனிதனன்று. இருப்பினும், வெள்ளை ரொட்டியும் சர்க்கரைத் தேநீரும் என்று படித்தபொழுது நம் தோழரின் பப்சும் தேநீரும் கண்முன் வந்தன.

மனிதர்பால், அதுவும் இளையோர்பால், நடந்த ஆராய்ச்சி உண்டா எனின், உண்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத் தென்மேற்குப் பகுதியில் 11 முதல் 18 வயது வரையுள்ள ஏறக்குறைய 3000 மாணவரை 2005-06இலும், மீண்டும் 2007-08இலும் வினவி ஆராய்ந்தனர். பெலிஸ் ஜாக்கா என்னும் அம்மையாரும் அவர் துணைவரும் 2011இல் அதனை வெளியிட்டனர். தொடக்கத்தில் நல்லுணவு உண்டோர்க்கு ஈராண்டு கழித்து மனநிலை நன்றாயிருந்தது. இடையில் உணவு திருந்தியவர்க்கு மனமும் திருந்திற்று. உணவு கெட்டவர்க்கு மனமும் தளர்ந்தது. மனம் நொந்தவரே கண்டதைத் தின்கின்றனர், ஆதலின் காரணமும் காரியமும் தலைகீழாக இருக்கலாமே என்னும் தடையை அவர்களே எழுப்பி ஆராய்ந்தனர். அவ்வாய்வில் அதற்கு ஆதரவு கிடைக்கவில்லை. 2017இல் அவ்வம்மையார் குழுவினர் மனச்சோர்வுற்ற 67 பெரியோரிடம் வேறொரு சோதனை செய்தனர். பன்னிரண்டு வாரம் உணவைத் திருத்திக்கொண்டோருள் 32 விழுக்காட்டினர் நோய் நீங்கினர். வெறும் உரையாடல் துணை பெற்றோருள் 8 விழுக்காட்டினரே நீங்கினர்.

ஈண்டு நாம் அளவு கடந்து பேசலாகாது. 67 பேர் என்பது சிறு தொகை. அவர்கள் இளையரும் அல்லர். ஆஸ்திரேலிய மாணவரை ஆராய்ந்தது ஈராண்டே, பத்தாண்டன்று. நல்லுணவு உண்ணும் வீட்டில் பணமும், பெற்றோர் கவனிப்பும், உறக்கமும் சேர்ந்தே இருக்கும். அவற்றினின்றும் உணவை மட்டும் பிரித்தெடுத்தல் அரிது. உள்ளம் நோவதற்கு வறுமை, பிரிவு, அவமதிப்பு, பரம்பரை என்று பல வாயில்கள் உண்டு. கீரை உண்டால் துயரம் தீரும் என்று எவரேனும் சொல்வாராயின், துயருற்றவரை அது இருமுறை வருத்தும். உன் நோய்க்கு நீயே காரணம் என்று சொல்வதாகுமன்றோ? நம் தோழர்க்கும் மருத்துவர் தேவைப்பட்டார். ஆனால் நாம் அறியும் வாயில்களுள் மிக எளிதில் அடைக்கத்தக்கது உணவு வாயில் என்பதை மறுத்தற்கில்லை.

இனி நம் நாட்டின் நிலையைக் காண்போம். 2016 முதல் 2018 வரை இந்திய அரசு குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் ஆகியோரின் ஊட்டநிலையை நாடெங்கும் அளந்தது. 10 முதல் 19 வயதினருள் 28 விழுக்காட்டினர் இரத்தச்சோகை உடையர். பெண்களுள் 40, ஆண்களுள் 18. ஃபோலிக் அமிலக் குறை 37 விழுக்காடு. துத்தநாகக் குறை 32. பி 12 குறை 31. இவை வயிறு நிறைந்தும் நேரும் குறைகள். சோறு போதும், சோற்றுடன் சேர வேண்டியது போதவில்லை. சாத்தனார் கண்ட பசி வயிற்றைக் கிள்ளி அழைக்கும், இப்பசி அழைப்பதில்லை.

பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவிடும் அறத்தில் நம் பகுதி பின்தங்கியதன்று. 1920இல் சென்னை மாநகராட்சித் தலைவராயிருந்த பிட்டி. தியாகராயர் ஆயிரம் விளக்குப் பள்ளியில் பகலுணவு தொடங்கினார். காரைக்காலும் புதுச்சேரியும் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தபொழுதே, 1930இல், அவ்வாட்சியினரும் பகலுணவுத் திட்டம் ஏற்படுத்தினர். 1954 நவம்பர் முதல் நாள் ஆட்சி மாறிற்று, பகலுணவு மாறவில்லை. தமிழ்நாட்டில் 1956இல் காமராசர் அதனை விரித்தார், 1982இல் ம. கோ. இராமச்சந்திரன் சத்துணவாக்கினார், 1984இல் அது பத்தாம் வகுப்பு வரை நீண்டது.

ஆயினும் நாடு முழுவதற்குமான திட்டத்தை நோக்குக. பிறந்தது முதல் ஆறு வயது வரையும், கருவுற்ற தாய்க்கும், பாலூட்டும் தாய்க்கும் அங்கன்வாடி உண்டு. அது 1975இல் தோன்றிற்று. பின்பு பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை பகலுணவு. கீழ் வகுப்பினர்க்கு 450 கலோரியும் 12 கிராம் புரதமும், ஆறு முதல் எட்டு வரையினர்க்கு 700 கலோரியும் 20 கிராம் புரதமும் என்பது அளவு. ஒன்பதாம் வகுப்பில் அடிவைத்தவுடன் தட்டு எடுக்கப்பட்டுவிடுகிறது. மாநிலங்கள் தம் பொருளில் நீட்டினாலன்றி. பதினான்கு வயதென்பது உடல் மிகவும் ஓங்கும் வயது. மேலே காட்டியவாறு மனநோயிற் பாதி தலைகாட்டி முடியும் வயது. அங்கன்வாடிக்கு அவர்கள் பெரியர். பிரசவ விடுதிக்கு அவர்கள் சிறியர். ஜாக்சன் நகரத்து நடுவயதுப் பிள்ளைகள் நினைவிற்கு வருகின்றனரோ?

அவ்வயதினர்க்கென்று வாரம் ஒருமுறை பள்ளியில் கொடுக்கப்படும் நீலநிற மாத்திரை உண்டு. அதில் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் உள்ளன. நாமும் பெற்றிருக்கிறோம். ஆசிரியர் முன் வாயிலிட்டு, அவர் திரும்பியதும் சாளரத்தின் வழியே துப்பியவர்களுள் நாமும் ஒருவர். அது எதற்கு என்று அன்று எவரும் சொன்னாரில்லை; சொல்லியிருந்தாலும் கேட்டிருப்போமா என்பது வேறு.

காரைக்காலுக்கே உரிய ஓர் இடர்ப்பாடும் உளது. கீழைக்கடலில் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 முடிய 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லுதல் கூடாது. மீன் இனம் பெருகுதற்கு அது வேண்டியதே, பழிப்பார் இலர். சிறு நாட்டுப்படகுகளுக்குத் தடையில்லை. அரசு நிவாரணத் தொகையும் உண்டு. ஆனால் விசைப்படகில் கூலிக்குச் செல்வோர் வீட்டில் அவ்விரு மாதமும் வருவாய் சுருங்கும். கடையில் மீன் விலை ஏறும். அம்மாதங்களிலேயே கோடை விடுமுறை வருதலாற் பள்ளித் தட்டும் இல்லை. மீனும் பள்ளியுணவும் ஒருங்கே மறையும் வீடுகள் பட்டினச்சேரியிலும் கிளிஞ்சல்மேட்டிலும் இல்லாமற் போகா. அவ்வீட்டில் பதினாறு வயதுப் பிள்ளை இருப்பானாயின் என்ன உண்பான்? ஐந்து ரூபாய்க்கு ஒரு சிப்ஸ் பொட்டலமும் பத்து ரூபாய்க்கு ஒரு வண்ணக் குளிர்பானமும் எந்நாளும் கிடைக்கும். அவற்றிற்குத் தடைக்காலம் இல்லை.

நம் கரையில் வேண்டிய பொருள் இல்லை என்பதற்கில்லை. புழுங்கலரிசி உண்ணும் வழக்கமே நம் முன்னோர் தந்த பெருநன்மை. நெல்லை அவித்தலால் உமியோடொட்டிய பி 1 சத்து அரிசிக்குள் சென்று தங்குகிறது. தீட்டிய பச்சரிசி உண்ட வடசர்க்கார் மாவட்டங்களிற் பெரிபெரி நோய் பரவிய காலத்தும் தமிழ் மாவட்டங்கள் பெரும்பாலும் தப்பின. முருங்கை கொல்லைதோறும் நிற்கிறது. கொண்டைக்கடலைச் சுண்டலின்மேல் எலுமிச்சை பிழிந்தால் அதிலுள்ள இரும்பு நன்கு உடலிற் சேரும். உடன் தேநீர் பருகினால் அச்சேர்க்கை குறையும். முட்டையோ, யாண்டும் ஒன்றே. மீனுள் விலை தாழ்ந்த சிறு மீன்களே ஒமேகா 3 கொழுப்பும் பி 12 சத்தும் மிகுந்தவை. அவற்றுள் ஒன்றிற்கு நம் கடற்கரையார் இட்ட பெயர் கவலை. இலக்கணம் பயில்வோர்க்கு இது நல்ல விளையாட்டு: கவலை உண்டால் கவலை தீருமா என்று ஆராயலாம். வஞ்சிரம் வாங்க இயலாத வீட்டின் குழம்பிற் கிடப்பது இக்கவலையே. அதனை ஏழை மீன் என்று நம் தோழர் பலர் விருந்தினர்முன் மறைத்து வைப்பர்.

இவ்வாண்டு விடுதி உணவுக் குழுவில் நாமும் இடம் பெற்றோம். காலைப் பந்தி ஏழரை மணிக்கே முடிந்துவிடுதலாலும், எட்டு மணி வகுப்பிற்கு ஓடுவோர் தட்டையே தொடாமையாலும், பந்தியை எட்டே கால் வரை நீட்டவும், முதல் வகுப்பைக் கால்மணி தள்ளி வைக்கவும் வேண்டி விண்ணப்பம் எழுதினோம். முதலது கிடைத்தது, இரண்டாவது கிடைக்கவில்லை. மாலையில் வறுத்த வடைக்குப் பதிலாக வாரம் மூன்று நாள் சுண்டல் வைக்கவும் இசைந்தனர். முதல் வாரம் பாதிச் சுண்டல் மிஞ்சிற்று. மூன்றாம் வாரம் பாத்திரம் காலியாயிற்று. சமையற்காரர் எலுமிச்சம்பழம் வாங்கப் பணம் போதவில்லை என்று முறையிட்டுக் கொண்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை கவலைமீன் குழம்பு. பெட்டி கட்டிய அத்தோழர் இப்பொழுது பந்தியின் முதல் வரிசையில் அமர்கின்றார். அவர் இலையில் தலைப்பகுதி விழுந்தால் வாற்பகுதி வேண்டும் என்று பரிமாறுவோரோடு வழக்கிடுகின்றார். இரண்டையும் கொடுத்துவிடுங்கள் என்று நாம் சொல்லியிருக்கிறோம்.